வீட்டுப் பட்டறைக்கு ஓர் ஆயுத அடுக்கு

குடியானவர் வீடுகளில் சுத்தியலும் உளியும் இல்லாத வீடு அரிது. அவற்றிற்கென்று ஓரிடம் வகுத்த வீடு அதனினும் அரிது. சுத்தியல் திண்ணையின் அடியில் கிடக்கும். குறடு மாட்டுக் கொட்டகையின் கூரைச் சந்தில் செருகியிருக்கும். அரமும் திருப்புளியும் பழைய தகரப் பெட்டி ஒன்றில் ஆணிகளோடும் துருவோடும் கலந்து கிடக்கும். வேண்டிய சமயத்தில் வேண்டிய ஆயுதத்தைத் தேடுவதற்கே வேலை செய்யும் நேரத்தைவிட அதிக நேரம் செலவாகிறது.

இதனால் உண்டாகும் நஷ்டம் நேரம் மாத்திரமன்று. விவசாயத்திற்குரிய மும்முனை மின்சாரம் குறித்த நேரத்திற்கே கிடைக்கும் ஊர்களில், பம்பின் ஒரு போல்ட் தளர்ந்து நீர் ஏறாமல் நிற்கும்போது, அதற்கேற்ற ஸ்பானர் அகப்படாவிடில் அன்றைய பாய்ச்சல் போய்விடும். கதிர் பால்பிடிக்கும் தருணமாயின் அதன் பலன் களத்தில் தெரியும். தரையிற் கிடக்கும் உளியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆதலின், சாதாரண தச்சுவேலை தெரிந்த எவரும் தம் வீட்டின் பின்தாழ்வாரத்தில் நிறுத்திக்கொள்ளக்கூடிய ஓர் ஆயுத அடுக்கைச் செய்யும் முறையை இங்கே விவரிக்கிறோம்.

முதலில் செய்யவேண்டியது மரம் வாங்குவதன்று, கணக்கெடுப்பது. வருஷத்தில் ஒரு நாள் நம்மவர் வீட்டிலுள்ள ஆயுதங்களனைத்தும் ஓரிடத்திற் கூடுகின்றன. ஆயுத பூஜையன்று அவற்றைக் கழுவித் துடைத்துச் சந்தனமிட்டு வைக்கிறோமல்லவா? மறுநாள் அவற்றை எடுக்குமுன் ஒரு பாயில் பரப்பி மூன்று கூறாகப் பிரிக்கவேண்டும். நாள்தோறும் கையிலெடுப்பவை ஒரு கூறு. வாரத்திற்கோ மாதத்திற்கோ ஒருமுறை வேண்டுபவை மற்றொரு கூறு. பருவத்திற்கு ஒருமுறை மட்டும் வேண்டுபவை மூன்றாவது கூறு. முதற் கூறு கண்ணுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள உயரத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது அதற்கு மேலோ கீழோ இருக்கலாம். மூன்றாவது அடித்தட்டுக்கு உரியது. இப்படிப் பிரிக்காமல் அடுக்கைச் செய்து முடித்து அதன்பின் சாமான்களைப் புகுத்துவோர், ரம்பத்தின் நீளத்திற்கு இடம் போதாமல் அதைப் பழையபடி கூரையிற் செருகுவதைக் காணலாம். கடப்பாரை, மண்வெட்டி, கோடரி முதலிய பாரமானவற்றை இவ்வடுக்கிற் சேர்க்கலாகாது. அவற்றிற்குச் சுவரோரத்தில் ஒரு மூலை போதும்.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

தேக்கே உத்தமம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலை எல்லோருக்கும் இயைவதன்று. பூவரசும் வேம்பும் நம் புழைக்கடையிலேயே கிடைப்பவை. இரண்டும் இவ்வேலைக்குத் தகுந்தவை. வாகையும் நல்லதே. மாமரம் மலிவாய்க் கிடைப்பினும் சீக்கிரம் உளுத்துப்போகும். மருந்திட்டாலன்றி அதை உபயோகிக்கவேண்டாம். கருவேல் ஆயுதங்களின் காம்புக்கும் வண்டிக்கும் சிறந்தது. ஆனால் பலகையாக அறுத்து இழைப்பது கடினம். துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்களில் ஈரமும் இரும்பும் ஒன்று சேர்ந்தால் கருங்கறை உண்டாகும். பழைய காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை கூட்டியதும் இதே காரணத்தாற்றான்.

எம்மரமாயினும் வைரம் பாய்ந்த பகுதியையே கொள்ளவேண்டும். பட்டையை அடுத்த வெளிறு, மரத்தின் உணவுச் சத்து நிறைந்த பகுதியாகையால் வண்டுக்கும் கறையானுக்கும் அதுவே முதல் விருந்து. வேம்பு கசப்பானதால் அதன் வெளிறையும் பூச்சி தொடாது என்று எண்ணுவது தவறு.

துறைமுகங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் கள்ளிப் பலகைகளும், சரக்கேற்றும் மரத் தட்டுகளும் இப்போது மலிவாய்க் கிடைக்கின்றன. இழுப்பறைகளுக்கும் பின்பலகைக்கும் இவை போதும். ஆனால் அவற்றின் மேலுள்ள முத்திரையைப் பார்த்து வாங்கவேண்டும். தேசங்களுக்கிடையே செல்லும் சரக்கு மரங்களின் பூச்சிகளைக் கொல்லும்பொருட்டு 2002-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சர்வதேச விதிப்படி, எச்.டி. என்ற எழுத்துக்கள் உள்ளவை, மரத்தின் நடுப்பாகம் வரை 56 பாகை சென்டிகிரேடு உஷ்ணத்தில் 30 நிமிஷம் சூடேற்றப்பட்டவை. எம்.பி. என்ற எழுத்துக்கள் உள்ளவை மெதில் புரோமைடு என்னும் விஷவாயுவால் புகையூட்டப்பட்டவை. முன்னதைக் கொள்க, பின்னதைத் தள்ளுக. எண்ணெயோ மருந்தோ சிந்தி ஊறிய கறையுள்ள பலகை எந்த முத்திரை பெற்றிருப்பினும் வேண்டாம்.

புதிதாய் அறுத்த பலகையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி உலர்த்தவேண்டும். குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேராக இருத்தல் அவசியம். இல்லாவிடில் பலகை அலையலையாய் வளையும். முனைகளின் வழியே ஈரம் வேகமாய் வெளியேறுவதால் அங்கே வெடிப்புக் காணும். முனைகளில் மெழுகையோ பழைய வர்ணத்தையோ பூசிவிட்டால் இது பெரும்பாலும் தடைப்படும். வெயிலிற் போட்டுச் சீக்கிரம் உலர்த்த நினைப்பவர் விறகுக்குத்தான் மரம் சேர்க்கிறார்.

அளவும் வெட்டும்

நம் தேசத்தில் 1956-ஆம் வருஷத்திய சட்டத்தினால் மெட்ரிக் அளவை ஏற்பட்ட பின்னரும் தச்சர் வாயில் வழங்குவது அடியும் அங்குலமும் நூலுமே. ஆகையால் இங்கும் அவற்றையே கொள்ளுகிறோம். ஓர் அங்குலத்திற்கு 8 நூல். ஒரு நூல் சற்றேறக்குறைய 3 மில்லிமீட்டர்.

அடுக்கின் உயரம் 66 அங்குலம். வெளி அகலம் 36 அங்குலம். ஆழம் 9 அங்குலம். இரண்டு பக்கப் பலகைகளும் நான்கு தட்டுகளும் 1 அங்குலக் கனம். பின்பலகையும் இழுப்பறைகளும் 4 நூல் கனம். இவற்றிற்கெல்லாம் மரம் ஏறக்குறைய இரண்டரைக் கன அடி செல்லும். சேதாரத்தையும் சேர்த்து மூன்று கன அடிக்குச் சற்று அதிகமாய் வாங்குவது நலம்.

அளவுகளை ஒவ்வொரு பலகையிலும் தனித்தனியே அளந்து குறிப்பது பிசகுக்கு இடமாகும். தச்சரின் பழைய முழக்கோலைப்போல ஒரு நேரான சட்டத்தை எடுத்து, அதன் அடியிலிருந்து 5, 6, 23, 24, 28, 29, 65, 66 ஆகிய அங்குலங்களில் கோடிடுக. இவை நான்கு தட்டுகளின் கீழ்முகமும் மேல்முகமும் நிற்கும் இடங்கள். இரு பக்கப் பலகைகளையும் அருகருகே கிடத்தி, இக்கோலை வைத்தே இரண்டிலும் ஒருமிக்கக் குறித்தால், கோலில் ஒரு நூல் பிசகினாலும் இரு பக்கமும் ஒரே அளவாய்ப் பிசகும், தட்டு கோணாது.

இக்குறிகளுக்கிடையில் 3 நூல் ஆழத்திற்குக் காடி வெட்டவேண்டும். முதலில் இரு கோடுகளிலும் ரம்பத்தால் ஆழம் வரை அறுத்துக்கொண்டு, பின்பு உளியால் நடுப்பாகத்தை எடுக்கவேண்டும். உளியை ஒரு புறமிருந்தே தள்ளினால் மறுபுறத்து விளிம்பு பெயர்ந்துவிடும். இரு புறங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் செல்க. உச்சித் தட்டு பலகையின் முனையிலேயே அமைவதால் அங்குக் காடி ஒரு படிவெட்டாக முடியும். பக்கங்களுக்கிடையே உள்ளகலம் 34 அங்குலம். இருபுறமும் காடிக்குள் புகும் 3 நூலையும் சேர்த்துத் தட்டின் நீளம் 34 அங்குலம் 6 நூல். பின்பலகைக்கு இடம் விடவேண்டியிருப்பதால் தட்டின் அகலம் 8 அங்குலம் 4 நூல். பக்கப் பலகைகளின் பின்விளிம்பில் பின்பலகை அமர்வதற்காக 4 நூல் ஆழமும் 3 நூல் அகலமுமாக ஒரு படி வெட்டிக்கொள்க.

காடிகளில் பசையிட்டுத் தட்டுகளைப் பொருத்தி, வெளியிலிருந்து தட்டொன்றுக்குப் பக்கத்திற்கு மூன்று ஆணி, ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக அடிக்கவேண்டும். நேராய் அடித்த ஆணி நேராய்ப் பிடுங்கிக்கொள்ளும். முன்னோர் வச்சிரத்தைக் காய்ச்சி ஒட்டினார்கள். மழைக்கால ஈரத்தில் அது இளகும் இயல்புடையது. இப்போது கிடைக்கும் வெண்பசைகளில் நீர் தாங்கும் வகையை வாங்குவது நலம். பசை உலருமுன் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து பார்க்கவேண்டும். இரண்டும் சமமானால் மூலைகள் செங்கோணமாய் உள்ளன என்பது நிச்சயம். ஒன்று நீண்டிருந்தால் அந்த மூலைகளை உட்புறமாய் அழுத்திச் சரிசெய்க.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். நான்கு பக்கமுள்ள சட்டம் எத்தனை ஆணி அடித்தாலும் பக்கவாட்டில் சாயத் தயாராகவே இருக்கும். மூன்று பக்கமுள்ளது சாயாது. கூரைக் கைமரங்களின் பலமும் இந்த முக்கோணத்திலேதான் இருக்கிறது. ஆதலால் பின்பலகையைப் பொருத்தியபின் அதன் புறத்தே 2 அங்குல அகலமும் 4 நூல் கனமுமுள்ள சட்டம் ஒன்றை மூலைக்கு மூலை குறுக்கே வைத்து, இரு கோடியிலும் பக்கப் பலகையோடு திருகாணியால் முடுக்கிவிடுக.

பின்பலகை 7 அங்குல அகலமுள்ள ஐந்து பலகைகளாலானது. அவற்றை நின்ற வாட்டில் வைத்து, கடைசிப் பலகையைச் சற்று இழைத்துப் பொருத்துக. மரம் நீளவாட்டில் அநேகமாய் மாறாது. அகலவாட்டில் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். ஆகவே பலகைகளுக்கிடையே அரை நூல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பலகையையும் தட்டுக்குத் தட்டு அகலத்தின் நடுவில் மாத்திரம் ஓர் ஆணி கொண்டு நிறுத்தவேண்டும். இரு ஓரத்திலும் ஆணியடித்துக் கட்டிப்போட்ட பலகை சுருங்க வழியில்லாமல் நடுவில் வெடிக்கும்.

சாய்வுச் சட்டங்கள்

இவ்வடுக்கின் பிரதான அம்சம் இனி வருவது. மூன்றாந் தட்டுக்கும் உச்சித் தட்டுக்கும் இடையே 36 அங்குல உயரம் இருக்கிறது. அதில் ஆணிகளை அடித்து ஆயுதங்களை மாட்டுவது வழக்கம். புதிய ஆயுதம் ஒன்று வந்தால் பழைய ஆணிகளைப் பிடுங்கி வேறிடத்தில் அடிக்கவேண்டும். சில வருஷங்களில் பலகை சல்லடையாகிவிடும். அதற்குப் பதிலாக, 6 அங்குல அகலமும் 6 நூல் கனமும் 34 அங்குல நீளமுமுள்ள பலகை நான்கு எடுத்து, ஒவ்வொன்றையும் அகலத்தின் நடுவில் நீளவாட்டமாக 45 பாகைச் சாய்வில் அறுத்திடுக. ஒரே அறுப்பில் ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு சட்டங்கள் கிடைக்கின்றன. ஒன்றைச் சாய்ந்த விளிம்பு மேலே இருக்கும்படி, அதன் முன்புறம் உயர்ந்தும் பின்பலகையை ஒட்டிய புறம் தாழ்ந்தும் நிற்குமாறு, பின்பலகையில் திருகாணியால் பொருத்துக. 9 அங்குலத்திற்கு ஒன்றாக நான்கு வரிசை அமையும். சட்டத்திற்கும் பின்பலகைக்கும் இடையே ஒரு கூர்ப்பள்ளம் உண்டாகும்.

மற்றச் சட்டத்தைத் துண்டுகளாக நறுக்கி, ஆயுதம் தாங்கும் சிறு பலகை ஒவ்வொன்றின் முதுகிலும், சாய்ந்த விளிம்பு கீழ்நோக்கியும் அதன் கூர்முனை பின்னோக்கியும் இருக்குமாறு பதிக்கவேண்டும். இத்தாங்கியை மேலிருந்து இறக்கினால் அது பள்ளத்திற்குள் கொக்கிபோல் அமரும். ஆயுதத்தின் பாரம் கூடக்கூடச் சாய்வு அதைப் பின்பலகையை நோக்கி இழுத்து இறுக்குமேயன்றி நழுவவிடாது. வேண்டாதபோது சற்றே தூக்கினால் கையோடு வந்துவிடும். பம்பு ரிப்பேருக்குச் செல்பவர் ஸ்பானர் தாங்கியை அப்படியே கழற்றி வயலுக்குக் கொண்டுபோகலாம். இந்த ஒரு சௌகரியத்திற்காகவே அறுக்கும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளத் தகும்.

தாங்கிகளை ஆயுதத்தின் குணத்தை அறிந்து செய்யவேண்டும். சுத்தியலுக்கு இரண்டு முளைகள் போதும். உளிகளுக்குத் துளையிட்ட பலகை ஒன்றும், வாய்முனையை மறைக்க அதன் கீழே இன்னொரு பலகையும் வேண்டும். கூரான முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாகாது. அரங்களை ஒன்றோடொன்று உரசும்படி வைத்தால் அவற்றின் பற்கள் ஒன்றையொன்று மழுக்கும். ஒவ்வோர் அரத்திற்கும் தனித் துளை அவசியம். ரம்பத்தின் பற்களுக்குப் பிளந்த மூங்கிலை உறையாக மாட்டுக. அரிவாளுக்கும் அதுவே உறை. இழைப்புளியைத் தட்டில் வைக்கும்போது அதன் முன்பாகத்தின் அடியில் மெல்லிய குச்சி ஒன்றைக் கொடுத்தால் அலகு மரத்தைத் தொடாது. ஸ்பானர்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாய் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னாலுள்ள பலகையில் வர்ணத்தால் எழுதிவிடவேண்டும். அந்திப்பொழுதில் வெறும் உருவம் ஒன்று கண்ணிற் பட்டால், எந்த ஸ்பானர் வரப்பிலே கிடக்கிறதென்று அன்றே தெரியும். அறுவடைக்குப் பின் உழும்போது கொழுவில் சிக்கித் தெரியவேண்டியதில்லை.

இழுப்பறைகள்

இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையே 4 அங்குல உயரமே விட்டிருக்கிறோம். ஆழமான அறையில் ஆணிகளைக் கொட்டினால் வேண்டியது எப்போதும் அடியிலேதான் இருக்கும். அந்த இடத்தை 4 நூல் கனமுள்ள மூன்று தடுப்புகளால் பிரித்தால், 8 அங்குலம் 1 நூல் அகலமுள்ள நான்கு அறைகள் கிடைக்கும். இழுப்பறையின் வெளியகலம் 8 அங்குலம், உயரம் 3 அங்குலம் 6 நூல், நீளம் 8 அங்குலம். உயரத்தில் 2 நூல் குறைத்திருப்பது ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் விரிவதற்காக. கோடையில் பிசகின்றிக் கச்சிதமாய்ச் செய்த இழுப்பறை அடைமழையில் திறக்காது.

புறாவால் மூட்டு வெட்டத் தெரிந்தவர் முன்மூலைகளில் அதையே வெட்டுக. தெரியாதவர் முன்பலகையின் இரு முனைகளிலும் படிவெட்டி, பக்கப் பலகையின் வழியாக ஆணி செலுத்தலாம். ஆணி பக்கத்திலிருந்து செல்வதுதான் முக்கியம். குமிழைப் பிடித்து இழுக்கும் விசை அப்போது ஆணிக்குக் குறுக்கே தாக்கும். முன்னிருந்து அடித்த ஆணியானால் ஒவ்வோர் இழுப்பிலும் சிறிது சிறிதாய் வெளியே வந்துவிடும். அடிப்பலகை 2 நூல் ஒட்டுப்பலகையாக, நான்கு பக்கமும் காடிக்குள் அமரவேண்டும். கீழிருந்து ஆணியடித்த அடிப்பலகை இரும்பின் பாரத்தால் ஒரு நாள் ஆணிகளோடு காலில் விழும். பாதி உயரத்திற்கு மேல் இரும்புச் சாமான்களை நிரப்புவதும் கூடாது. அடிவிளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் இழுப்பறை இலகுவாய் ஓடும்.

அறையின் முகப்பில் பெயர் எழுதுவதைக் காட்டிலும், உள்ளிருக்கும் ஆணி, திருகாணி, போல்ட், வாஷர் இவற்றில் ஒன்றையே மாதிரியாகக் குமிழருகே பதித்துவிடுவது சிலாக்கியம். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும். விளக்கில்லாத வேளையில் விரலுக்கும் விளங்கும்.

நிறுத்தும் இடமும் பாதுகாப்பும்

கறையான் மண்ணிலிருந்து ஏறுகிறது. வெளிச்சத்தையும் வறட்சியையும் தாங்காமல் மண்ணால் குழல் கட்டிக்கொண்டு ஏறுகிறது. அடுக்கு மண்ணைத் தொடாமலும் சுவரை ஒட்டாமலும் நின்றால் அக்குழல் கண்ணில் பட்டே தீரும். ஆகையால் இரு பக்கப் பலகைகளையும் 3 அங்குல உயரமுள்ள கருங்கற்களின்மேல் நிறுத்தி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே 2 அங்குலம் விடவேண்டும். கல்லின்மேல் அமரும் முனையில் தாரைச் சூடாகப் பூசுக. உள்மரத்திற்கு வெண்காரமும் போரிக் அமிலமும் 3-க்கு 2 என்ற விகிதத்தில் கலந்து, 100 பங்கு வெந்நீரில் அக்கலவை 5 பங்காகக் கரைத்து, இழைத்த பலகைகளில் பூட்டுமுன் இரண்டு மூன்று முறை தாராளமாய்ப் பூசி உலர்த்தலாம். உளுக்கும் வண்டுகளுக்கு இது நல்ல தடை. ஆனால் மழை நனைத்தால் கரைந்துபோகும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் நெடுநாள் வழக்கிலுள்ளது. தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும் என்பதால் கையுறையின்றித் தொடலாகாது. ஆல்டிரின், குளோர்டேன் என்ற பெயருள்ள பழைய கறையான் மருந்துகள் எவர் வீட்டு மூலையிலேனும் இருப்பின் அவற்றை இதற்கு உபயோகிக்கவேண்டாம். மனிதர்க்கும் பிற உயிர்களுக்கும் நெடுங்காலம் தீங்கு செய்வதால், 2001-ஆம் வருஷத்து ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட்ட சரக்குகளில் இவையும் சேர்ந்தவை.

அடுக்கு உயர்ந்தும் ஆழம் குறைந்தும் இருப்பதால் முன்னே சாயக்கூடியது. பிள்ளைகள் தட்டில் கால்வைத்து ஏறுவார்கள் என்றே எண்ணிக் காரியம் செய்யவேண்டும். செங்கல் சுவராயின் உச்சித் தட்டிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகளைச் சுவரில் முடுக்குக. மண்சுவரில் ஆணி நில்லாது. அங்கே உட்புறம் பருத்தும் வெளிப்புறம் சிறுத்தும் உள்ள வைர முளை இரண்டைச் சுவருக்குள் வைத்து, சேறும் கல்லும் இட்டு இறுக்கி, நன்றாய்க் காய்ந்தபின் பட்டைகளை அவற்றில் பூட்டவேண்டும். அருகில் தூண் இருக்குமாயின் அதுவே மேல். பாரமான சாமான்கள் எப்போதும் அடித்தட்டில் இருக்கட்டும். அத்தட்டு நடுவில் தொய்யுமானால், முன்விளிம்பின் அடியில் 2 அங்குல உயரச் சட்டம் ஒன்றை நிற்க வைத்து ஒட்டுக. மரத்தின் கனம் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாய்க் குறையும் என்ற கணக்கால், இந்தச் சிறு சட்டம் பலகை முழுவதையும் தடிப்பாக்கும் செலவை மிச்சப்படுத்தும். பூச்சிமருந்துப் புட்டிகளை மாத்திரம் எந்தத் தட்டிலும் வைக்கலாகாது. அவற்றின் இடம் வீட்டிற்கு வெளியே, பூட்டிய பெட்டியில்.

மேற்பூச்சுக்கு வர்ணம் வேண்டுவதில்லை. உப்புத்தாள் இட்டுத் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் இரண்டு கை பூசினால் போதும்; அது காற்றில் உறைந்து மரத்தின்மேல் மெல்லிய தோலாகும். தேங்காயெண்ணெய் அங்ஙனம் உறையாது. பிசுக்காய் நின்று தூசியைச் சேர்க்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையிற் போடுவது மிக்க அபாயம். உறையும்போது எண்ணெய் வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேறாமல் பெருகித் தானே தீப்பற்றும். ஓலைக் கூரையுள்ள வீட்டில் இதன் விளைவைச் சொல்லவேண்டுமா? துணியை வெளியே கொடியில் விரித்துக் காயவைத்து, விறைத்தபின் எறிந்துவிடுக.

ஆயுதங்களைக் கையிலுள்ள வியர்வையோடு மாட்டினால், அதிலுள்ள உப்பு விரல் ரேகை பதிந்த இடத்திலேயே துருவை எழுப்பும். உச்சித் தட்டில் மெஷின் எண்ணெய் தோய்த்த சிறு துணி ஒன்றை மூடியுள்ள டப்பாவில் வைத்து, மாட்டுமுன் இரும்பை ஒரு தடவை துடைக்கவேண்டும். மழை தொடங்குமுன் ஆயுதங்களனைத்தையும் இறக்கி எண்ணெயிடும்போதே, அடுக்கின் பின்புறத்தை ஒரு விளக்கைக் கொண்டு கல்லிலிருந்து உச்சி வரை பார்த்து, மண்குழல் ஏதேனும் காணின் அதைச் சுரண்டிவிட்டு, அது தொடங்கும் இடத்தைத் தேடி அடைக்கவேண்டும்.